மூன்று மாதிரிகளும் ஒரே வேகம்

பென்சன் எந்த அலுவலக வாசலிலும் காத்து நின்ற மனிதர் அல்ல. ஓசூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெறும் வரை, மற்றவர்கள்தான் அவர் மேசை முன்னால் காத்து நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாய்மானத்தில் படாது. பழுதான பம்ப் ஒன்றுகூட அவரைத் தாண்டி வாசலுக்குப் போனதில்லை. பழுதென்று தெரிந்ததைத் தன் கையாலேயே சுத்தியலால் உடைத்துவிடுவார். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் குறைப்பட்ட பொருளை யாரும் விற்றதில்லை என்று சொல்லிக்கொண்டே உடைப்பார்.

அப்பேர்ப்பட்டவர், குருபரப்பள்ளியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் எல்லை மண்டலப் பொறியியல் பொருள் தரச்சான்று மையத்தின் ஜன்னல் முன்னால், கையில் ஒரு பென் டிரைவுடன் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த நாராயணம்மா அதை வாங்கித் தராசில் வைத்தார். பம்புகளை நிறுக்கும் தராசு அது. முள் அசையவில்லை.

"ஏமி சார் இது? முள்ளே ஏறல?"

"அதுக்குள்ள சாஃப்ட்வேர் இருக்கும்மா."

"இருக்கட்டும் சார். எத்தன கிலோ?"

"அதுக்கு எடை கிடையாது."

நாராயணம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "எட போடாம உள்ள எடுத்தேன்னு வைங்க. நாளைக்கி நீங்களே வந்து, என் சாஃப்ட்வேர்ல பாதியக் காணோம்னு சண்டைக்கு நிப்பீங்க. அப்ப நான் எங்க போயி தேடறது?"

முப்பது வருடம் பொருள்களை நிறுத்து அனுப்பியவர் என்பதால், அந்தப் பெண்மணி சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பென்சனுக்குப் பட்டது. கடைசியில் நாராயணம்மாவே வழி கண்டுபிடித்தார். பென்சனின் மதியச் சாப்பாட்டுத் தூக்கை வாங்கி அதன் மேல் பென் டிரைவை வைத்தார். முள் ஏறியது. தயிர்சாதமும் மாவடுவும் சேர்ந்து மென்பொருளின் எடை பதிவாயிற்று.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு கொண்டு வாங்க சார். மாதிரின்னா மூணு பீஸ்."

அந்த மென்பொருளைச் செய்தவள் அவருடைய மகள் லிபியா. பெங்களூரில் நல்ல சம்பளத்து வேலையை விட்டுவிட்டு வந்து, ஓசூர் வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து அதைச் செய்தாள். ஒரு தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான இயந்திரங்களை வலையமைப்பில் இணைக்க வேண்டுமென்றால், கம்பி இழுப்பதற்கு முன்பே அந்த வலையமைப்பைக் கணினிக்குள் பாவனையாக ஓட்டிப் பார்க்கலாம். எங்கே நெரிசல் வரும், எங்கே அறுந்துபோகும் என்று அது காட்டிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த உதிரிபாக ஆலை ஒன்று அதை வாங்கிக்கொள்ள முன்வந்தது. அங்கே அலுவலகத்தில் விண்டோஸ், பட்டறைத் தளத்தில் லினக்ஸ். எந்த இயங்குதளத்தில் அது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வெளியார் ஒருவர் சோதித்து முத்திரையோடு தர வேண்டும், ஆயுத பூஜைக்குள் தர வேண்டும், தவறினால் பெங்களூர் கம்பெனியிடம் போய்விடுவோம் என்று ஆலை மேலாளர் சொல்லியிருந்தார்.

மையத்தைத் தேர்ந்தெடுத்தது பென்சன். அவருடைய பம்புகள் எல்லாம் அங்கேதான் தேறின. இன்னொரு காரணமும் உண்டு. பென்சன் மகள் வேலையை விட்டுவிட்டாள், வந்த சம்பந்தத்தையும் வேண்டாம் என்றாள், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று சர்ச் சபையில் பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சு காதில் விழுந்த மறுநாளே வாசல் கேட்டில் 'லிபியா நெட்வொர்க் சிஸ்டம்ஸ்' என்று பலகை எழுதி மாட்டினார். இனி தேவை ஒரு முத்திரை. வட்டமான, நீல நிற, அரசுச் சாயல் கொண்ட முத்திரை.

மூன்று பீஸ் கேட்டார்கள் என்றதும் லிபியா சிரித்துவிட்டாள்.

"அப்பா, அது சாஃப்ட்வேருப்பா. மூணு காப்பி எடுத்தாலும் ஒண்ணுதான்."

"அத அவங்க பார்த்துக்கிடுவாங்க மக்ளே. கேட்டத குடுக்கணும். அதாக்கும் மரியாத."

மூன்று பென் டிரைவ்களில் சிவப்புப் பெயின்டால் எண் எழுதி, பென்சன் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சோதனைப் பொறியாளர் சுரேந்தர் நல்ல பையன். வந்தவர்களை உட்காரச் சொல்வான், தண்ணீர் கொடுப்பான். மையத்தில் இருந்தது பம்புக்கான சோதனை வரிசை ஒன்றுதான். வேறு வரிசை தலைமையிடத்திலிருந்து வரும் வரை எல்லாவற்றுக்கும் அதுவே என்று உத்தரவு. அந்த உத்தரவு வந்தபோது சுரேந்தர் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

முதலில் விழுத்தல் சோதனை. முதல் பென் டிரைவை ஏணி உச்சியிலிருந்து சிமென்ட் தரையில் போட்டார்கள். அடுத்தது உப்புநீர்ச் சோதனை. இரண்டாவது பென் டிரைவை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கடற்காற்றைப் போல உப்புநீரைப் புகையாக அதன் மேல் அடித்தார்கள். பென்சன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் இரண்டு வருட உழைப்பு உள்ளே நனைந்துகொண்டிருந்தது.

"சார், நல்ல சேதிங்க," என்று சுரேந்தர் ஓடிவந்தான். "சாஃப்ட்வேர்ல எங்கியும் துரு இல்லீங்க. இதுவரைக்கும் வந்ததுல இதாங்க பெஸ்ட்."

பென்சனுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தானா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. அன்று வீட்டில், துரு பிடிக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னார். லிபியா சாப்பிடுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மனைவி ஜெயசெல்வி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார்.

பிறகுதான் இயங்குதளங்கள். மையத்தில் புது விண்டோஸ் ஒன்று இருந்தது. கணக்குப் பிரிவில், எல்லோருடைய சம்பளத்தையும் சுமந்தபடி இரைத்துக்கொண்டு ஓடும் பழைய விண்டோஸ் ஒன்றும் இருந்தது. லினக்ஸ் இல்லை.

"அது இலவசம்தானே? நானே வந்து போட்டுத் தர்றேன்," என்று லிபியா போனில் சொன்னாள்.

சுரேந்தர் பதறிப்போனான். "ஐயோ மேடம், இலவசம்னு வெளிய சொல்லாதீங்க. பில்லு இல்லாம ஒரு பொருள் ஆபீசுல இருந்தா ஆடிட்டுல அது திருட்டுப் பொருளுங்க. மூணு கடையில கொட்டேஷன் வாங்கி, கம்மியா போட்டவங்ககிட்டதான் எடுக்கோணும்."

கிருஷ்ணகிரி கடைவீதியில் மூன்று கணினிக் கடைகளுக்குப் பென்சன் வெயிலில் நடந்தார். விலையில்லாத பொருளுக்கு விலைப்புள்ளி கேட்கும் பெரியவரைக் கடைக்காரர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார். மூன்று பேருமே பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றும் சமமாக இருந்ததால் கொள்முதல் குழு கூடியது. யாராவது இதற்கும் கீழே இறங்கி வருகிறார்களா என்று பேரம் பேசிப் பார்க்கும்படி தீர்மானம் ஆயிற்று. ஒரு கடைக்காரர் கூடவே ஒரு நாள்காட்டியும் தருவதாக ஒப்புக்கொண்டதால் அவருக்கே ஆணை போயிற்று. நாள்காட்டி இயக்குநர் அறைக்குப் போனது. அதற்குள் ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. ஆலை மேலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். பென்சன் இரண்டு முறையும், "எங்க குடும்பத்துல வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்," என்றார். சொல்லிவிட்டு வைத்ததும் பூஜைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் லிபியாவையும் அழைத்துப் போனார். மூன்று கணினிகளிலும் ஒரே பாவனை வலையமைப்பை ஏற்றிவிட்டு, சுரேந்தர் தேநீருக்குச் சொன்னான். தேநீர் வருவதற்குள் லினக்ஸ் முடித்துவிட்டது. தேநீர் குடித்து முடிக்கும்போது புது விண்டோஸ் முடித்தது. கணக்குப் பிரிவின் பழைய விண்டோஸ், எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் முடித்தது. விடை மூன்றிலும் அச்சு அசலாக ஒன்றே.

லிபியாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களாப்பா! லினக்ஸ்ல எப்பிடிப் பறக்குதுன்னு? ஃபேக்டரில ஃப்ளோர்ல ஓடப்போறது அதுதான். இதத்தான் அவங்க கேட்டாங்க."

சுரேந்தரின் முகம் வெளுத்திருந்தது. "மேடம்... மூணு பீஸும் மூணு ரீடிங் காட்டுதுங்க."

"காட்டணும். அதுக்குத்தானே டெஸ்ட்டு?"

"ஒரே கம்பெனி பீஸு மூணும் ஒரே மாதிரி ரீடிங் காட்டோணுங்க. காட்டலைன்னா தயாரிப்புக் குறை. ரிஜக்ட்டுங்க."

ரிஜக்ட். அந்தச் சொல் பென்சனின் முதுகுத்தண்டில் இறங்கியது. மூன்று பம்பை வரிசையாக வைத்து ஓட்டி, மூன்றும் மூன்று அளவு தண்ணீர் இறைத்தால் அவர் என்ன செய்திருப்பார்? யோசிக்காமல் மகள் பக்கம் திரும்பினார். அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

"ஒழுங்காத்தான் செஞ்சியா மக்ளே?"

லிபியா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் அழகர்சாமியின் அறையில் புது நாள்காட்டி தொங்கியது. அவர் இருவரையும் உட்காரவைத்து, தானே நின்றுகொண்டு பேசினார். நின்று பேசினால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"பாரும்மா, நான் பொறுப்பெடுத்த நாள்ல இருந்து இந்த மையத்துல சான்று வாங்குன ஒரு பொருளும் வெளிய போயி ரிப்பேர் ஆனதில்ல. ஏன் தெரியுமா? பெரும்பாலும் நாங்க எதையும் வெளிய விடறதே இல்ல."

"சார், மூணும் ஒரே விடைதான் குடுக்குது..."

"விடைய யாரும்மா கேட்டா? எங்க படிவத்துல விடைக்குன்னு கட்டமே கெடையாது. நேரத்துக்குத்தான் கட்டம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் உன்ன மாதிரி புள்ளைங்களுக்கு விரோதி இல்ல. வேகமா ஓடறது தப்புன்னு சொல்லல. பக்கத்துல இருக்கறவன விட வேகமா ஓடறதுதான் தப்பு. இங்க இத்தன பேரு வேல செய்யறாங்களே, யாராச்சும் யாரையாச்சும் முந்தறாங்களா பாரு. சுரேந்தர் வந்த புதுசுல கொஞ்சம் வேகமா இருந்தான். நான்தான் கூப்ட்டு வெச்சி பேசி சரி பண்ணேன்."

கதவருகே நின்ற சுரேந்தர் நன்றியோடு தலையசைத்தான்.

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க சார்?" என்றாள் லிபியா.

"ரொம்ப சிம்பிள். எது மெதுவா ஓடுதோ, அந்த அளவுக்கு மத்த ரெண்டையும் கொண்டாந்துடு. முடிச்ச பெறகு கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு. எங்க அக்கவுண்ட்ஸ் மிஷினு பாவம், அத அவமானப்படுத்தாத."

அப்பாவும் மகளும் ஓசூர் பேருந்தில் ஏறினார்கள். சூளகிரி தாண்டியதும் பென்சன்தான் தொடங்கினார்.

"ஒரு வரி எழுதுனா போதும்னு சொல்லுதாரு."

"என்ன வரிப்பா? வேலை முடிஞ்ச பெறகும் சொல்லாம காத்திருன்னு எழுதணுமா? எதுக்குக் காத்திருக்குன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது?"

"பூஜைக்கு நாலு நாள்கூட இல்ல. சபையில நான் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. என் வாக்கு போச்சுன்னா நான் எப்படி வெளிய நடப்பேன்?"

"உங்க வாக்குத்தான். என் புரோகிராம்."

"குடும்பப் பேருக்காக்கும் கேக்கேன், மக்ளே."

அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. இது கெஞ்சல்தானா என்று அவருக்கே தெரியாத அளவுக்கு, நிமிர்ந்து உட்கார்ந்தபடிதான் கேட்டார். லிபியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் மூன்று புதிய பென் டிரைவ்கள் இருந்தன. அவள் கீழே இறங்கி வரவில்லை.

மறுசோதனை ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நடந்தது. மறுநாள் விடுமுறை என்பதால் எல்லா இடத்திலும் அன்றைக்கே பூஜை. கணினிகளுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். வாசலில் பூசணிக்காயும் தயாராக இருந்தது. மூன்று கணினிகளும் ஓடத் தொடங்கின. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி வந்தார்கள். மூன்றும் ஒரே சமயத்தில் முடிந்தன. கைதட்டல் எழுந்தது. இயக்குநர் பென்சனுக்குச் சால்வை போர்த்தினார்.

"இந்த மூணு மிஷினையும் பாருங்க," என்றார். "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு, ஒண்ணு இலவசம். ஆனா எதுவும் எதையும் முந்தல. இந்த நாடே இப்பிடி ஆகணும்ங்கறதுதான் நம்ம மையத்தோட கனவு."

நீல நிற வட்ட முத்திரை சான்றிதழில் இறங்கியது. பொருளைத் திரும்ப வாங்கும்போது மட்டும் ஒரு சின்னச் சிக்கல். தூக்கோடு நிறுத்ததில் எடை குறைந்திருந்தது. தயிர்சாதத்தைப் பென்சன் மதியம் சாப்பிட்டிருந்தார். சோதனையில் மென்பொருள் தேய்ந்திருக்கிறது என்று நாராயணம்மா எழுதப் போனார். பென்சன் எதிரே இருந்த கடையில் எலுமிச்சை சாதம் வாங்கித் தூக்கை நிரப்பினார். இப்போது எடை கூடிவிட்டது. இரண்டு கைப்பிடி எடுத்து நாய்க்குப் போட்ட பிறகு முள் சரியாக நின்றது.

சால்வையோடு எடுத்த படம் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. வாழ்த்துகள் குவிந்தன. அதே சால்வையோடு அவர் நேராக ஆலைக்குப் போனார்.

மேலாளர் சான்றிதழை நின்றபடியே படித்தார். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தார்.

"சார், லினக்ஸ்லயும் இவ்வளவு நேரமா? உங்க பொண்ணு இங்க காட்டறப்ப டீ வர்றதுக்குள்ள முடிஞ்சதே? அதுக்காகத்தானே எடுக்கலாம்னு நெனச்சோம்?"

"அது சும்மா காத்திருக்குது சார். ஒரு வரி. அத எடுத்துட்டா பழைய வேகந்தான்."

"எடுத்துட்டா, சான்று வாங்குன சாஃப்ட்வேர் அது இல்லையே? மேல ஆடிட்டுல என்ன சொல்றது? வேகமா ஓடறதுக்கே ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க. சாயங்காலம் பூஜை. அதுவரைக்கும் நான் இருப்பேன்."

பென்சன் மறுபடி குருபரப்பள்ளிக்குப் பேருந்து ஏறினார். நெடுஞ்சாலையில் கர்நாடகப் பக்கத்துப் பூ லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பேருந்து ஊர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் இருக்கையில் முதுகைச் சாய்த்தார்.

மையத்தில் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டு இயக்குநர் பொரியை மென்றபடியே யோசித்தார். பிறகு சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டவர்போல் நிமிர்ந்தார்.

"நல்லவேள, வந்தீங்க. வேகமா ஓடுன அந்த மொதல் செட்டு ரிஜக்ட் ஆச்சில்ல? ரிஜக்ட்டான பீஸ மார்க்கெட்டுக்குப் போகாம உடைக்கணும். தயாரிச்சவங்க கையாலயே உடைக்கணும். சுரேந்தரு, எப்பிடிய்யா மறந்த? உடைக்கலைன்னா குடுத்த சான்றும் ரத்தாயிடும் சார். நீங்க பம்ப் ஆளு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அது காப்பிதாங்க சார். ஒரிஜினல் அவங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கும்," என்றான் சுரேந்தர்.

"அது நமக்கு சாம்பிளா வரல. நமக்குத் தெரியாது."

சுத்தியலைக் கொண்டுவந்தார்கள். அதன் மீதும் சந்தனப் பொட்டு இருந்தது. சிவப்பு எண் எழுதிய பழைய பென் டிரைவ்கள் மூன்றும் சிமென்ட் தரையில் கிடந்தன. போர்த்திய சால்வை சபைக் குழுவில் படமாக இருக்கிறது. சான்று ரத்தானால் அதையும் யாராவது குழுவில் போடுவார்கள். பென்சன் சுத்தியலை வாங்கினார். பிடி கைக்குப் பழக்கமானதாக இருந்தது.

அடித்தார். உடையவில்லை. விழுத்தல் சோதனையில் தேறிய பொருள் அல்லவா? மறுபடி அடித்தார். சுற்றி நின்றவர்கள் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாவது துண்டு சிதறியபோது, வரிசையில் பழுதான பம்பை உடைக்கும்போதெல்லாம் சொல்லும் அந்தக் குடும்பப் பெருமை வாக்கியம் பழக்கதோஷத்தில் வாய்வரை வந்தது. அதை விழுங்கினார்.

ஓசூர் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டி, ஆலையில் பூஜை முடிந்திருந்தது. கேட்டில் பலகை இருந்தது. வீட்டில் ஜெயசெல்வி மட்டும் இருந்தார்.

"அவ எங்க?"

"பெங்களூர் கம்பெனிக்காரங்க சாயங்காலம் பேசுனாங்களாம். அந்த ஃபேக்டரி வேல அவங்களுக்கே போகுதாம். லிபியா செஞ்சத பத்தி ஃபேக்டரியில கேள்விப்பட்டு, அவளையே வந்து செய்யச் சொல்லியிருக்காங்க. பஸ் ஏறிட்டா. மேல உங்களுக்கு எதுவோ போட்டு வெச்சிருக்காளாம். பார்க்கச் சொன்னா."

பென்சன் மாடி ஏறினார். மேசையில் லிபியாவின் கணினி இல்லை. அவர் பழைய பம்ப் கணக்குகளுக்கு வைத்திருந்த கணினி மட்டும் இருந்தது. அதில் மையம் சான்றளித்த பதிப்பை நிறுவி, ஓடவிட்டுப் போயிருந்தாள். திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல் தெரிந்தது.

காத்திருக்கவும்.

உள்ளே கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். சான்றிதழை மேசையில் வைத்தார். சால்வையை மடித்து அதன் மேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு சாய்மானத்தில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, காத்திருக்க ஆரம்பித்தார்.